துருவின்மேல் வண்ணம் நில்லாது

ஏரும் எருதும் செய்துவந்த வேலையை டிராக்டர் ஏற்றுக்கொண்டு நம் நாட்டில் இரண்டு தலைமுறைகளுக்கு மேலாகின்றன. 1959-இல் ஃபரீதாபாத்தில் ஐஷர் நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவோடு டிராக்டர் செய்யத் தொடங்கியது. 1960-இல் மாஸ்ஸி பெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. 1974-இல் பஞ்சாபிலிருந்து ஸ்வராஜ் வெளிவந்தது. இத்தகைய நிறுவனங்கள் செய்தளித்த எந்திரங்களுள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவை பல, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து, இன்றும் நம் வயல்களில் சேறு மிதிக்கின்றன.

இவற்றின் இஞ்சின் பெரும்பாலும் செவ்வனே ஓடும். மேனிதான் நலிந்திருக்கும். மட்கார்டின் விளிம்பு உதிர்ந்திருக்கும். பேட்டரித் தட்டு அரித்துப்போயிருக்கும். பானெட்டின் சிவப்பு வெளிறி, இடையிடையே செம்பழுப்புத் திட்டுகள் தோன்றியிருக்கும். பொங்கல் நெருங்கும்போது வீட்டார் அதற்கு வண்ணம் பூச நினைக்கின்றனர். ஒரு டப்பா எனாமல் வருகிறது. ஒரே நாளில் பூச்சு முடிகிறது. மாலையிட்டுச் சந்தனம் வைக்கும்போது எந்திரம் புதிது போல் மின்னுகிறது. ஆனால், ஐப்பசி மழை தொடங்கியதும் வண்ணத்தின் கீழ்ச் சிறு சிறு கொப்புளங்கள் எழும்புகின்றன. கார்த்திகைக்குள் அவை வெடித்துப் பொருக்காய் உதிர்கின்றன. செலவிட்ட பணம் வீணானதோடு, மூடிக்கிடந்த காலத்தில் துருவும் உள்ளே இன்னும் ஆழமாய் இறங்கிவிட்டது.

புதிய டிராக்டர் ஒன்றிற்கு இன்று பல லட்ச ரூபாய் வேண்டும். சிறு உழவர் குடும்பத்திற்கு இப்பழைய எந்திரமே மூலதனம். அதன் வாடகை உழவே பல வீடுகளில் பிள்ளைகளின் கல்விச் செலவு. ஆகவே, இதன் மேனியைக் காப்பது வெறும் அலங்காரமன்று. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. இரும்பிற்கும் அஃது அப்படியே பொருந்தும். அதனை எவ்வாறு முறையாகச் செய்வது என்பதை இங்கே படிப்படியாகக் காண்போம்.

துரு என்பது யாது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் துரு பிறக்கிறது. இவற்றுள் ஒன்றை விலக்கினால் துரு நிற்கும். வண்ணத்தின் கடமை, நீரையும் காற்றையும் இரும்பிடம் அண்டவிடாமல் தடுத்தலே. ஆனால், துரு கெட்டியான பொருளன்று; நுண்ணிய துளைகள் நிறைந்தது; பஞ்சுபோல் ஈரத்தையும் உப்பையும் தன்னுள் பிடித்துவைத்திருப்பது. அதன்மேல் வண்ணம் பூசுவோமாயின், பகைவனை வீட்டுக்குள் வைத்துக் கதவைத் தாழிட்டவர் ஆவோம். உள்ளேயிருக்கும் ஈரம் தன் வேலையைத் தொடர்கிறது. துருவாக மாறிய இரும்பு, முன்பு இருந்ததைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலுள்ள படலத்தைத் தள்ளி உயர்த்துகிறது. நாம் காணும் கொப்புளம் இதுவே.

தில்லியில் குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகப் பெரிதும் துருப்பிடியாமல் இருப்பதற்கு, அவ்விரும்பிலுள்ள பாஸ்பரஸின் துணையால் அதன்மேல் உருவான காப்புப் படலமே காரணம் என அறிஞர் கண்டுள்ளனர். நம் டிராக்டரின் தகட்டிற்கு அப்பேறு இல்லை. 1889-இல் எழுப்பப்பட்ட பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரத்திற்கும் அப்பேறு இல்லாமையால், ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு வண்ணம் பூசி வருகின்றனர்.

உப்பு கலந்த ஈரம் துருவை விரைவுபடுத்தும். பாம்பனில் 1914 முதல் நின்ற பழைய இரயில் பாலம் கடற்காற்றோடு ஓயாது போராடியதை நாம் அறிவோம். அதனருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் தனிவகைப் பூச்சு இடப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே. கடற்கரையை அடுத்து வாழும் உழவர்கள் இதை நெஞ்சில் கொள்ளுதல் நன்று. உள்நாட்டிலும் உப்பிற்குக் குறைவில்லை. நாம் வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பே. உரமூட்டை ஏற்றிய டிரெய்லரும், உரம் கரைந்த சேற்றில் உழுத சக்கரமும் கடலோரப் படகைப் போலவே அரிபடுகின்றன.

முதலில் ஆராய்தல்

வண்ணம் வாங்குமுன் எந்திரத்தைச் சுற்றிவந்து பார்த்தல் வேண்டும். சிறிய சுத்தியலால் தகட்டை மெல்லத் தட்டினால், நல்ல இடம் கணீரென ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாய் ஒலிக்கும். திருப்புளி முனையால் அழுத்தும்போது உள்வாங்குமாயின், அவ்விடத்தில் தகடு மீதியில்லை எனலாம். மட்கார்டின் உட்புறம், கால்மிதித் தட்டு, இருக்கையின் அடிப்பகுதி, பேட்டரி அமரும் தட்டு, சக்கர ரிம்மின் உள்விளிம்பு ஆகியவை முதன்மையாகப் பார்க்கத்தக்கவை.

ஓட்டை விழுந்த தகட்டைப் பட்டி வைத்து அடைக்கும் வழக்கம் உண்டு. அது நில்லாது. கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பின்னரே பட்டியைப் பற்றி நினைக்கலாம். இஞ்சின், கியர் பெட்டி முதலிய வார்ப்பிரும்புப் பகுதிகளில் பெரும்பாலும் மேல்துருவே இருக்கும். அவற்றிற்கு அச்சம் வேண்டா.

பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விளக்கு, பானெட், மட்கார்டு ஆகிய கழற்றக்கூடியவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து, திருகாணிகளைத் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயரெழுதி வைப்போர், மீண்டும் பூட்டும்போது தம் முன்யோசனையைத் தாமே மெச்சிக்கொள்வர்.

எண்ணெய் நீங்கிய பின்னரே தேய்த்தல்

பலர் எடுத்தவுடன் உப்புத்தாளைக் கையில் எடுக்கின்றனர். முதலில் நீக்க வேண்டியவை கிரீஸும் எண்ணெயும். அவை இருக்கும்போதே தேய்த்தால், கீறல்களுக்குள் எண்ணெய் புகுந்துவிடும். அவ்விடத்தில் வண்ணம் ஒட்டாமல் மீன்கண்போல் விலகி நிற்கும். கெட்டியான அழுக்கைச் சுரண்டியால் நீக்கி, மண்ணெண்ணெயோ டீசலோ தடவிக் கரைத்து, அதன்பின் சலவைச் சோடாவோ சோப்புத் தூளோ கலந்த வெந்நீரால் நன்கு கழுவுதல் வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் பசையை விட்டுச்செல்வன ஆதலால், சோப்புக் கழுவலை விட்டுவிடலாகாது. பெட்ரோலை இவ்வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து சென்று, எட்டத்திலுள்ள ஒரு பீடி நெருப்பில் பற்றிக்கொள்ளும்.

வாட்டர் சர்வீஸில் கழுவுவோர், காற்று வடிகட்டியின் வாய், சைலென்சர் குழாய், டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றை முன்கூட்டியே கட்டி மூடுதல் வேண்டும். இறுதி அலசலுக்கு நல்ல நீர் வேண்டும். கடலோர ஊர்களில் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உவர்நீராய் இருக்கிறது. நாவில் வைத்தால் கரிக்கும் நீரால் அலசிய இரும்பின்மேல் உப்பு படிந்து, பூச்சின் கீழ் அது வேலை செய்யத் தொடங்கும். அத்தகைய ஊரினர் இரண்டு குடம் மழைநீரையோ ஆற்றுநீரையோ கொண்டுவந்து கடைசி அலசலை முடித்தல் நலம்.

துரு களைதல்

பொருக்குத் துருவைச் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் நீக்கியபின், கிரைண்டரில் பூட்டிய கம்பிச் சக்கரத்தாலோ முரட்டு உப்புத்தாளாலோ தேய்த்து வெள்ளை இரும்பு தெரியுமாறு செய்தல் வேண்டும். கம்பிச் சக்கரம் மட்டுமே கொண்டு தேய்த்தால் இரும்பு பளபளப்பாகும். துருவும் சில இடங்களில் மெருகேறி இரும்பு போலவே தோன்றி ஏமாற்றும். ஆகவே, இறுதியில் உப்புத்தாள் ஓட்டுதல் அவசியம். அது விடும் நுண்ணிய கீறல்களே பூச்சிற்குப் பிடிமானம்.

மணலைக் காற்றோடு பீய்ச்சித் துரு நீக்கும் முறை ரிம்களுக்கும் தடித்த பகுதிகளுக்கும் ஏற்றது. மெல்லிய பானெட் தகடு அதனால் நெளிந்துவிடும். மேலும், சாதாரண மணலிலிருந்து எழும் சிலிகாத் தூள் நுரையீரலைக் கெடுத்துத் தீராத நோயை உண்டாக்கும். தகுந்த கவசமின்றி ஒரு தொழிலாளியை அவ்வேலையில் நிறுத்துவது அவன் மூச்சை விலைபேசுவதாகும்.

சிறு பொருள்களுக்கு மின்சார முறை ஒன்றுண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, துருப்பிடித்த பொருளைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்திவைத்தால், சில மணி நேரத்தில் துரு நெகிழ்ந்துவிடும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தல் ஆகாது; குரோமிய நஞ்சு நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழும் ஆதலால் திறந்த வெளியில், நெருப்பில்லா இடத்தில் இதனைச் செய்ய வேண்டும். வில்சுருள்களையும் வலுமிக்க போல்ட்டுகளையும் இதில் இடலாகாது. ஹைட்ரஜன் ஏறி அவை முறியக்கூடும்.

தேய்க்க எட்டாத குழிகளில் எஞ்சும் துருவிற்கு மாற்றுத் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் சில பாஸ்பாரிக் அமிலம் கொண்டவை. சில டானின் கொண்டவை. டானின் நமக்குப் புதிதன்று. கடுக்காய்ச் சாற்றை இரும்போடு சேர்த்துக் கருமை காய்ச்சிய நம் முன்னோர் அறிந்த பொருளே அது. அதே வேதிமாற்றம் இங்கும் நிகழ்ந்து, செந்துரு கறுத்து உறுதிப்படுகிறது. எனினும், இது மிச்சத் துருவிற்கான மருந்து. பொருக்கின்மேல் இதை ஊற்றிவிட்டு உழைப்பைத் தவிர்க்க நினைப்பவர் ஏமாறுவர்.

பழைய வண்ணத்தின் நஞ்சு

பழைய எந்திரத்தின் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அக்காலத்து அடிப்பூச்சாக ஈயச் செந்தூரமும் பயன்பட்டது. வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என நம் நாட்டில் 2016-இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி தொழிற்சாலை வண்ணங்களைப் பற்றியதன்று. பழைய பூச்சுகளையும் அது தொடாது.

உலர்ந்த வண்ணத்தைத் தேய்க்கும்போது எழும் தூள் மூச்சு வழியாகவும், கையிலிருந்து சோற்றின் வழியாகவும் உடலுள் புகும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடைசெய்யும். ஆகவே, வீட்டு முற்றத்தில், தவழும் குழந்தையின் கண்ணெதிரே இவ்வேலை நடைபெறலாகாது. பழைய வண்ணத்தை நீர்விட்டுத் தேய்த்தால் தூள் பறவாது. தரையில் தார்ப்பாய் விரித்து, கழிவைத் திரட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கோழி மேயுமிடத்தில் கொட்டலாகாது. தூள் வடிகட்டும் முகமூடி அணிதலும், உண்ணுமுன் கை கழுவுதலும், வேலையுடையைத் தனியே துவைத்தலும் வேண்டும். வாயில் கைக்குட்டை கட்டுதல் போதுமான காப்பாகாது.

அன்றே அடிப்பூச்சு

வெள்ளை இரும்பு தெரிந்த நேரம்முதல் காலம் நமக்குப் பகை. ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் வியர்வையின் உப்பு பதிந்து, மறுநாள் விரல் அடையாளமே துருவாய்த் தோன்றும். எனவே, ஒரு நாளில் அடிப்பூச்சு இடக்கூடிய அளவு மட்டுமே அன்று தேய்க்க வேண்டும். தூளைத் துடைத்து, தூய துணியில் தின்னர் நனைத்து ஒருமுறை துடைத்து, உலர்ந்தவுடன் பிரைமர் பூச வேண்டும்.

எளிதிற் கிடைப்பது ரெட் ஆக்சைடு பிரைமர். இதில் வியப்பொன்று உண்டு. இதன் சிவப்பு நிறமியும் இரும்பு ஆக்சைடே. ஆனால், மேலும் மாறுதலடையாத நிலைபெற்ற வகை. துத்தநாகப் பாஸ்பேட் கலந்த பிரைமர் இதனினும் சிறந்தது. இரு டப்பாக்களாக வரும் எப்பாக்சி பிரைமர் ஈரத்தைத் தடுப்பதில் இவ்விரண்டையும் விஞ்சும், விலையும் மிகுதி. அதில் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாமல், டப்பாவில் குறித்த அளவுப்படி கலந்து, குறித்த நேரத்திற்குள் பூசி முடிக்க வேண்டும்.

கூரிய விளிம்புகளில் வண்ணம் நில்லாமல் பின்வாங்கும் இயல்புடையது. துரு முதலில் அங்கே தொடங்குவது அதனால்தான். விளிம்பு, பற்றவைத்த தையல், போல்ட்டுத் தலை ஆகியவற்றிற்கு முதலில் பிரஷால் ஒரு கை பூசிவிட்டு, பின்னர் முழுப் பரப்பிற்கும் பூசுதல் அறிந்தோர் வழக்கம். பள்ளங்களுக்குப் பட்டி பார்ப்பதாயின் மெல்லியதாக இட்டு, நன்கு உலர்ந்தபின் தேய்த்து, அதன்மேல் மீண்டும் பிரைமர் இட வேண்டும். மூடாது விட்ட பட்டி நீரை உறிஞ்சும்.

மேற்பூச்சும் பருவமும்

பெரும்பாலோர்க்குச் சிந்தடிக் எனாமல் போதுமானது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவது. ஆகவே, தடிப்பாக ஒருமுறை பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே இளகியே கிடக்கும். மெல்லியதாக இரண்டு மூன்று கை, ஒவ்வொன்றிற்கும் டப்பாவில் குறித்த இடைவெளி விட்டுப் பூச வேண்டும். எனாமலின்மேல் என்.சி. வண்ணம் பூசுதல் கூடாது. அதன் காரமான தின்னர் கீழ்ப்பூச்சைச் சுருக்கிக் கிளப்பிவிடும். ஐயமிருப்பின், மறைவான இடத்தில் சிறிது பூசிப் பார்த்தல் நன்று.

ஹார்டனர் கலக்கும் பி.யூ. வண்ணம் வெயிலிலும் பல்லாண்டு ஒளிகுன்றாது. ஆனால், அதிலுள்ள ஐசோசயனேட்டு மூச்சில் புகுந்து ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. தூய காற்றைக் குழாய் வழியே அளிக்கும் கவசமும் முறையான கூடமும் உள்ள பட்டறையில் அன்றி, அதனை வீட்டில் ஸ்பிரே செய்ய முயலலாகாது.

நம் பகுதிக்கு ஏற்ற காலம், வடகிழக்கு மழை ஓய்ந்து பனியும் குறைந்த மாசி, பங்குனி. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டிற்கு மேலிருக்கும் நாளில் பூசலாகாது. இரும்பின் வெப்பம், பனிநீர் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட 3 டிகிரியேனும் மிகுந்திருத்தல் வேண்டும் என்பது தொழில்முறை விதி. எளிமையாகச் சொன்னால், காலைப் பனி முற்றிலும் உலர்ந்தபின் தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் பூச்சு தொடுவதற்கு உலர்ந்துவிடுமாறு முடிக்க வேண்டும். உச்சி வெயிலில் தொடமுடியாதபடி காய்ந்த பானெட்டின்மேல் பூசினால் குமிழிகள் தோன்றும். நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில், தரைக்கு நீர் தெளித்துத் தூசியடக்கிப் பூசுதல் சாலச் சிறந்தது. அருகே கதிரடிப்பு நடவாதிருத்தலும் வேண்டும்.

வண்ணம் படலாகாத இடங்களும் உண்டு. கிரீஸ் நிப்பிள், ரப்பர்க் குழாய், ஹைட்ராலிக் தண்டின் பளபளப்பான பகுதி, பேட்டரியின் தரையிணைப்பு ஆகியவற்றைக் காகிதமும் டேப்பும் கொண்டு மூட வேண்டும். இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மறையலாகாது. ரேடியேட்டரின் இதழ்களில் தடிப்பாகப் பூசினால் வெப்பம் வெளியேறாது. சைலென்சருக்கு வெப்பம் தாங்கும் வண்ணம் தனியே உண்டு. எந்திரத்தின் நிறத்தையே மாற்ற விழைவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டறிதல் முறை.

கூலியில் சிக்கனம் வேண்டா

வண்ணம் பூசும் தொழிலாளியிடம் நாம் ஒட்டுமொத்தமாக ஒரு தொகை பேசி, அதையும் குறைக்கிறோம். குறைந்த கூலியில் அவர் எதைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரியும் மேற்பூச்சைக் குறைக்க இயலாது. தெரியாமற்போகும் தேய்ப்பு நாள்களையே குறைப்பார். பழி அவருடையதாகிறது, காரணம் நம்முடையது. ஆதலால், சுத்தம் செய்யும் நாள்களுக்கென்று தனிக்கூலி பேசி, பிரைமர் இடுமுன் வெள்ளை இரும்பை நாமே நேரிற் கண்டு ஒப்புதல் அளிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது இருவர்க்கும் நன்று. எல்லாவற்றையும் ஒருங்கே செய்யப் பொருள் போதாவிடின், இவ்வாண்டு மட்கார்டும் கால்மிதியும், அடுத்த ஆண்டு பானெட்டும் ரிம்மும் என்று பகுத்துக்கொள்ளலாம். பாதி எந்திரம் முறையாகச் செய்யப்படுதல், முழு எந்திரம் அரைகுறையாய்ச் செய்யப்படுதலினும் மேல்.

விற்பதற்காகவே துருவை வண்ணத்தால் மூடுவோரும் உளர். வாங்குபவன் பெரும்பாலும் நம்மைப்போல் கடன்பட்டு வாங்கும் ஒரு குடியானவனே. பழைய எந்திரம் வாங்கப் போகிறவர்கள் வெளிமின்னலில் மயங்காமல், மட்கார்டின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பார்களாக.

பூசிய பின்

புதுப்பூச்சு தொடுவதற்கு உலர்ந்தாலும், உள்ளூர இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை முரட்டுத் தேய்ப்பும் காரமான சோப்பும் ஆகா. சேற்றுழவு முடிந்த அன்றே, மட்கார்டின் உட்புறம் உட்பட, சேற்றைக் கழுவ வேண்டும். உரம் ஏற்றிய டிரெய்லரையும் அவ்வாறே. சேற்றுச் சக்கரங்களில் எந்த வண்ணமும் உராய்வைத் தாங்காது. கழுவி உலர்த்திக் கிரீஸ் தடவி வைப்பதே தக்கது. கல்பட்டு வண்ணம் பெயர்ந்த இடத்தை அந்த வாரத்திலேயே தேய்த்து, பிரைமரும் வண்ணமும் தொட்டுவைக்க வேண்டும். தார்ப்பாயை இறுகப் போர்த்தினால் உள்ளே ஈரம் தங்கும். கூரையின் கீழ்க் காற்றாட நிறுத்துவதே நல்லது. கோழிகள் பானெட்டின்மேல் இரவு தங்குவதையும் தடுக்க வேண்டும். அவற்றின் எச்சம் வண்ணத்தை அரிக்கும்.

வீட்டிலுள்ள இளைஞர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் பெரியவர்களோடு சேர்ந்து, மேற்கூறிய காப்புகளோடு இப்பணியை மேற்கொள்வார்களாயின், கூலியும் மிஞ்சும். எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் அவர்களுக்குக் கைவந்ததாகும். பத்து நாள் வேலையில் எட்டு நாள் கழுவலிலும் தேய்ப்பிலும் கழிவதைக் கண்டு அவர்கள் சலிப்படையலாம். வரும் ஐப்பசியில், மழையில் நனைந்து நிற்கும் எந்திரத்தின்மேல் கொப்புளம் ஒன்றும் எழாததைக் காணும்போது, அந்த எட்டு நாள்களின் பயனை உணர்ந்துகொள்வர்.